ஒக்கி: வேகம் எங்கிருந்து வந்தது, தடை எங்கே போனது

2017 நவம்பர் 29, காலை எட்டரை மணி. இலங்கைக்குத் தென்கிழக்கே ஒரு காற்றழுத்தத் தாழ்வு மண்டலம். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் இது புதுசில்லை. வரும், மழையைக் கொட்டும், போகும். அன்று மாலைக்குள் இலங்கையின் தென்பகுதியைத் தாண்டிக் குமரிக் கடலுக்குள் வந்துவிட்டது. 30ஆம் தேதி விடியுமுன் ஆழ்ந்த தாழ்வு மண்டலம். காலை எட்டரைக்கு அது புயல், பெயர் ஒக்கி. அப்போது கன்னியாகுமரிக்குத் தெற்கே சுமார் 60 கிலோமீட்டர் தூரத்தில் இருந்தது. டிசம்பர் 1 அதிகாலை லட்சத்தீவுப் பகுதியில் தீவிரப் புயல், அன்று பிற்பகலே மிகத் தீவிரப் புயல். 2ஆம் தேதி பிற்பகல் மணிக்கு 150 முதல் 160 கிலோமீட்டர் வேகக் காற்றோடு உச்சத்தைத் தொட்டது. அப்புறம் வடகிழக்காகத் திரும்பி, வலுவிழந்து, 6ஆம் தேதி அதிகாலை சூரத்துக்கும் தஹானுவுக்கும் இடையே வெறும் தாழ்வுப் பகுதியாகக் கரையேறியது.

குமரி மாவட்டத்தில் ஒக்கி கரையைக் கடக்கவே இல்லை, ஓரமாக உரசிக்கொண்டு போனதுதான். அதற்கே ரப்பர் தோட்டங்கள் வரிசை வரிசையாகச் சாய்ந்தன, குலை தள்ளிய வாழைகள் முறிந்தன, மின்கம்பங்கள் விழுந்து ஊர்கள் பல நாள் இருட்டில் கிடந்தன. கடலில் நடந்தது வேறு கணக்கு. சின்னத்துறை, தூத்தூர், பூத்துறை, வள்ளவிளை, நீரோடி என்று கொல்லங்கோட்டுப் பக்கக் கடற்கரை முழுக்க, பல நாள் கடலிலேயே தங்கி மீன்பிடிக்கும் தங்கல் தொழிலுக்குப் போன வள்ளங்களும் விசைப்படகுகளும் திரும்பவில்லை. தமிழ்நாடு, கேரளம் இரண்டையும் சேர்த்தால் இறந்தவர்களும் காணாமல் போனவர்களும் நூற்றுக்கணக்கில். டிசம்பர் 7ஆம் தேதி குழித்துறை ரயில் நிலையத்தில் தண்டவாளத்தில் உட்கார்ந்தவர்கள் கேட்டது, கடலில் கிடப்பவர்களைத் தேடுங்கள் என்பதை.

தேடுதல், நிவாரணம், அரசியல் பற்றி நிறைய எழுதியாகிவிட்டது. இந்த ஆய்வு எடுத்துக்கொள்வது ஒரே ஒரு கேள்வியை. ராத்திரி வரை தாழ்வு மண்டலமாக இருந்தது விடிந்தபோது எப்படிப் புயலானது? அதற்குப் பதில் தேடினால் பின்னூட்டச் சுழற்சி என்ற விஷயத்துக்கு வந்து சேருவோம். பூமியின் பருவநிலையைப் பற்றிப் பேசும்போது அறிஞர்கள் திரும்பத் திரும்பச் சொல்வதும் அதையேதான். ஒரு விளைவு, தன்னை உண்டாக்கிய காரணத்தையே போய்த் தொட்டு அதைக் கூட்டுவதோ குறைப்பதோதான் பின்னூட்டம். கூட்டுகிற சுழற்சியைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது மற்றது: குறைக்கிற சுழற்சி, அதாவது தடை. அது எங்கே இருக்கிறது, எப்போது பிடிக்கும், எப்போது பிடிக்காமல் போகும் என்பதைப் பார்த்தால் ஒக்கியும் புரியும், பூமியும் ஓரளவு புரியும்.

கூட்டுகிற பக்கம்

குமரி மாவட்டத்துப் புத்தளம் உப்பளத்தில் ஒரு பாத்தி ஓரமாக நின்று பார்த்தால் பாதி விஷயம் கிடைத்துவிடும். வெயில் சுட்டெரித்தும் காற்று அடங்கிப்போன நாளில் பாத்தியில் நீர் மந்தமாகவே வற்றும். நீருக்கு மேலே ஈரக்காற்று அப்படியே தேங்கி நிற்பதுதான் காரணம். காற்று வீசத் தொடங்கியதும் அந்த ஈரம் அள்ளிக்கொண்டு போகப்பட்டு, உலர்ந்த காற்று அந்த இடத்துக்கு வரும். நீர் சரசரவென்று இறங்கும், ஓரங்களில் வெள்ளை பூக்கும். ஆவியாதல் வெயிலை மட்டும் நம்பியதில்லை, காற்றின் வேகத்தையும் நம்பியது.

இதைக் கடலுக்குக் கொண்டுபோவோம். ஒரு லிட்டர் நீர் ஆவியாக ஏறத்தாழ 24 லட்சம் ஜூல் வெப்பம் வேண்டும். அதே லிட்டரை 30 டிகிரியிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுபோக 3 லட்சம் ஜூல் போதும். ஆவியாகிற நீர் கடலிலிருந்து அவ்வளவு வெப்பத்தை எடுத்துக்கொண்டு மேலே போகிறது. உயரத்தில் குளிர்ந்து மேகத் துளியாகும்போது அந்த வெப்பம் முழுவதையும் அங்கே விட்டுவிடுகிறது. சுற்றியுள்ள காற்று சூடாகி இன்னும் மேலே ஏறும், கீழே அழுத்தம் இறங்கும். இறங்கிய இடத்தை நிரப்ப நாலாபக்கமும் இருந்து காற்று வேகமாக வரும். வேகமாக வரும் காற்று கடலிலிருந்து இன்னும் அதிக ஈரத்தை அள்ளும். சுழற்சி மூடிக்கொண்டது. ஒரு சுற்று முடிந்தால் அடுத்த சுற்று முந்தையதைவிடப் பெரிசு.

இப்படி வளர்கிற எதுவும் சீராக வளராது. முதலில் ஒன்றும் நடக்காதது போல இருக்கும், திடீரென்று எகிறும். 29ஆம் தேதி பகலில் பார்த்தவருக்கும் 30ஆம் தேதி காலையில் பார்த்தவருக்கும் இரண்டு வெவ்வேறு கடல்கள் தெரிந்ததற்கு அதுதான் காரணம். புயல் உருவாகக் கடல்பரப்பு 26.5 டிகிரிக்கு மேல் இருக்க வேண்டும் என்பது பொதுக்கணக்கு. நவம்பர் கடைசியில் குமரிக் கடல் அதைச் சாதாரணமாகவே தாண்டி நிற்கும். அப்படியானால் வருஷா வருஷம் ஏன் இங்கே புயல் வருவதில்லை? நிலநடுக்கோட்டுக்கு இவ்வளவு பக்கத்தில் பூமியின் சுழற்சி காற்றை வளைக்கும் விசை மிகக் குறைவு. எட்டு டிகிரி அட்சரேகைக்குக் கீழே ஒரு மண்டலம் சுருண்டு கண் திறப்பது அபூர்வம். எரிபொருள் எப்போதும் இருக்கிறது, சுழற்றிவிடத்தான் ஆள் இல்லை. 2017இல் அதுவும் அமைந்துவிட்டது.

தடைகள்

சரி, சுற்றுக்குச் சுற்று பெரிதாகிக்கொண்டே போனால் புயல் ஏன் முடிவில்லாமல் வளரவில்லை?

முதல் தடை உராய்வு. காற்று வேகம் இரண்டு மடங்கானால் கடலிலிருந்து அது எடுக்கும் வெப்பமும் ஏறத்தாழ இரண்டு மடங்காகும். ஆனால் அலைகளோடு உராய்ந்து அது இழக்கும் ஆற்றல் எட்டு மடங்காகும். வரவு நேர்க்கோட்டிலும் செலவு மும்மடியிலும் ஏறினால், ஒரு கட்டத்தில் இரண்டும் சமமாகித்தான் தீர வேண்டும். அதுதான் அந்தக் கடலில் ஒரு புயலுக்கு உச்சவரம்பு. அமெரிக்க வானிலை அறிஞர் கெரி இமானுவேல் 1980களில் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டினார். கடல் சூடானால் இந்த வரம்பும் உயரும் என்பது அந்தக் கணக்கிலேயே இருக்கிறது.

இரண்டாவது தடை, எனக்கு இந்த முழு நிகழ்விலும் சுவாரசியமான இடம். புயல் கடலைக் கலக்கும். கலக்கினால் அடியிலிருக்கும் குளிர்ந்த நீர் மேலே வரும். மேற்பரப்பு குளிர்ந்தால் ஆவி குறையும், புயல் தன் சாப்பாட்டைத் தானே கெடுத்துக்கொள்ளும். நிறையப் புயல்கள் இப்படித்தான் தளர்கின்றன. ஆனால் நம் கடலில் நவம்பர் வாக்கில் ஒன்று நடக்கிறது. கங்கை, பிரம்மபுத்திரா, கோதாவரி, கிருஷ்ணா என்று வங்கக் கடலில் கொட்டிய நன்னீர், கிழக்குக் கரையோரமாக இறங்கும் நீவாட்டோடு, அதாவது கடல் நீரோட்டத்தோடு, இலங்கையைச் சுற்றிக்கொண்டு குமரி முனைக்கு இந்தப் பக்கமாக அரபிக் கடலின் தென்கிழக்கு மூலைக்கு வந்து சேரும். உப்புக் குறைந்த நீர் எடை குறைந்தது, அதனால் மேலேயே பரவி நிற்கும். அதற்கும் அடியிலுள்ள குளிர்ந்த நீருக்கும் நடுவே, உப்பு கூடிய, ஆனால் ஏறக்குறைய அதே அளவு சூடான இன்னொரு படுகை உட்கார்ந்துவிடும். இப்போது காற்று கடலைக் கலக்கினாலும் மேலே வருவது வெதுவெதுப்பான நீர்தான். பிரேக்கை மிதிக்கிறோம், பிடிக்கவில்லை. நவம்பர் இறுதியில் குமரிக் கடலிலிருந்து லட்சத்தீவுப் பக்கம் போகும் எந்தப் புயலுக்கும் இந்த அடுக்கு சாதகமானது.

ஒக்கியின் வழியைப் படத்தில் வைத்துப் பார்த்தால் தடைகள் பிடித்த இடமும் தெரியும். வடக்கே போகப் போக, கடலில் தேங்கியிருந்த வெப்பம் குறைவு. மேலேயும் கீழேயும் காற்று வெவ்வேறு வேகத்தில், வெவ்வேறு திசையில் அடித்துப் புயலின் நிமிர்ந்த தூணைச் சாய்த்தது. வடக்கிலிருந்து உலர்ந்த, குளிர்ந்த காற்று உள்ளே புகுந்தது. மூன்றும் சேர்ந்ததும் டிசம்பர் 3இலிருந்து மூன்றே நாளில் கதை முடிந்தது. அதற்குள் அது போன பாதை முழுக்க, குமரிக் கடலிலிருந்து லட்சத்தீவு தாண்டி மேற்கே, தூத்தூர் வட்டாரத்துக்காரர்கள் சுறாவுக்கும் சூரைக்கும் போகிற பாதை.

பருவநிலை மாற்றத்தின் பங்கு

ஒக்கியைக் கொண்டுவந்தது பருவநிலை மாற்றம் என்று மேடைகளில் சொல்கிறார்கள். அப்படி ஒற்றைவரியில் சொல்ல நான் தயாரில்லை. மேலே சொன்ன சுழற்சி கடல் தோன்றிய நாளிலிருந்து இருக்கிறது. ஒரு புயலை எடுத்து இது அதனால் என்று முத்திரை குத்துவது சுலபம், ஆனால் அதில் விஷயம் இல்லை. கேட்க வேண்டியது, புயலுக்கு அடியிலிருக்கும் கடல் மாறியிருக்கிறதா என்று.

மாறியிருக்கிறது. வெப்பமண்டல இந்தியப் பெருங்கடலின் மேற்பரப்பு 1951 முதல் 2015 வரை சுமார் 1 டிகிரி சூடாகியிருக்கிறது. அதே காலத்தில் உலகக் கடல்களின் சராசரி 0.7 டிகிரிதான். புனேயிலுள்ள இந்திய வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனத்தினர் 2021இல் வெளியிட்ட ஆய்வில், 1982–2000 காலத்தோடு ஒப்பிட்டால் 2001–2019 காலத்தில் அரபிக் கடல் புயல்களின் எண்ணிக்கை 52 சதவீதம் கூடியிருந்தது. வங்கக் கடலில் அப்படிக் கூடவில்லை. 2015இல் சபாலா, மேக் இரண்டும் அடுத்தடுத்து, 2019இல் கியார், 2021இல் டவ்தே, 2023இல் பிபர்ஜாய். புயல் என்றால் கிழக்குக் கரைக்காரர்கள் பாடு என்று இருந்த மேற்குக் கரை அந்த நினைப்பை விட வேண்டியதாகிவிட்டது.

கடல் இப்படிச் சூடாவதற்குப் பின்னால் இருப்பது இன்னொரு சுழற்சி. இதற்கு மணிக்கணக்கு கிடையாது, பத்தாண்டுக் கணக்கு.

பூமி அளவில்

இங்கேயும் வேலை செய்வது நீராவிதான். காற்று ஒரு டிகிரி சூடானால் அதில் சுமார் 7 சதவீதம் கூடுதலாக நீராவி நிற்க முடியும். நீராவி வெப்பத்தைப் பிடித்துவைக்கும் வாயு, கரியமில வாயுவைவிட அளவில் பலமடங்கு அதிகமாகக் காற்றில் இருப்பது. ஆக, கரியமில வாயு கொஞ்சம் சூடாக்கும், அந்தச் சூட்டில் நீராவி கூடும், கூடிய நீராவி இன்னும் சூடாக்கும். நீராவியைத் தனியாகக் குற்றம் சொல்லிப் பயனில்லை. கூடுதலாக ஏற்றினால் சில நாட்களில் மழையாக இறங்கிவிடும். வெப்பநிலை எவ்வளவு அனுமதிக்கிறதோ அவ்வளவுதான் நிற்கும். பல நூற்றாண்டுகள் காற்றில் தங்கும் கரியமில வாயுதான் முதல் தள்ளு கொடுக்கிறது, நீராவி அதைப் பெருக்குகிறது. தொழிற்புரட்சிக்கு முன் பத்து லட்சத்தில் 280 பங்காக இருந்த கரியமில வாயு இன்று 420ஐத் தாண்டிவிட்டது.

இதை 1967இலேயே கணினியில் போட்டுப் பார்த்தவர்களில் ஒருவர் சியுகுரோ மனாபே. 2021 இயற்பியல் நோபல் பரிசில் அவருக்கும் பங்கு கிடைத்தது. ஆனால் கணக்கு கணக்குதான், சோதனை வேண்டாமா? 1991இல் பிலிப்பைன்ஸின் பினட்டூபோ எரிமலை வெடித்து, கந்தகத் துகள்கள் வெயிலை மறைத்து, பூமி அரை டிகிரி போலக் குளிர்ந்தது. குளிர்ந்ததும் வளிமண்டல நீராவி குறைந்ததைச் செயற்கைக்கோள்கள் பதிவு செய்தன. பின்னர் ஆய்வாளர்கள் கணினி மாதிரியில் நீராவிச் சுழற்சியை மட்டும் அணைத்துவிட்டு ஓட்டிப் பார்த்தார்கள். நிஜத்தில் குளிர்ந்த அளவு வரவில்லை. சுழற்சியைத் திரும்பச் சேர்த்ததும் கணக்கு பொருந்தியது. சூடாகும்போது கூட்டுகிற சுழற்சி, குளிரும்போதும் அதே மாதிரி குளிரைக் கூட்டும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி இல்லை.

இங்கே ஒரு சின்னக் கணக்கு. கரியமில வாயு இரண்டு மடங்காகி, வேறு எந்தப் பின்னூட்டமும் இல்லையென்றால் பூமி சுமார் 1.2 டிகிரி சூடாகும். ஒவ்வொரு சுற்றிலும் பின்னூட்டம் 60 சதவீதத்தைத் திருப்பிச் சேர்ப்பதாக வைத்துக்கொள்வோம். 1.2, அதோடு 0.72, அதோடு 0.43, அதோடு 0.26 என்று சுருங்கிக்கொண்டே போய், மொத்தம் 3 டிகிரியில் நிற்கும். 2021இல் வந்த பருவநிலை அறிக்கையில் ஐ.நா.வின் குழு சிறந்த மதிப்பீடாகச் சொன்னதும் 3 டிகிரிதான். அந்த 60ஐ 50 ஆக்கினால் 2.4, 70 ஆக்கினால் 4. பங்கு ஏற ஏற முடிவு எவ்வளவு வேகமாகத் தள்ளிப்போகிறது என்று பாருங்கள். அறிக்கை 2.5 முதல் 4 வரை என்று இடைவெளி விட்டிருப்பது ஏன் என்பதும் இதில் தெரிந்துவிடும். பின்னூட்டத்தின் பங்கில் சின்னத் தடுமாற்றம் வந்தால் விடையில் பெரிய தடுமாற்றம். அதில் பெரும்பங்கு மேகங்களால். தாழ்ந்த மேகம் வெயிலைத் திருப்பி அனுப்பும், உயர்ந்த மெல்லிய மேகம் வெப்பத்தை உள்ளேயே பிடிக்கும். மொத்தத்தில் சூட்டைக் கூட்டும் பக்கம்தான் சாய்கிறது.

ஒவ்வொரு சுற்றும் சுருங்குவதால்தான் பூமி கைமீறிப் போவதில்லை. அதற்குக் காரணம் எளிய இயற்பியல்: சூடான பொருள் அதிக வெப்பத்தை வெளியே வீசும், அதுவும் வெப்பநிலையின் நான்காம் மடியில். இந்தத் தடை பழுதாகவே ஆகாது. பழுதாகக்கூடியவை மற்ற தடைகள். பனி ஒன்று. புதுப்பனி தன்மேல் விழும் வெயிலில் 80 சதவீதத்துக்கு மேல் திருப்பி அனுப்பும், திறந்த கடல் 6 சதவீதம் போலத்தான். பனி உருகினால் அந்த இடத்தில் கடல் வெயிலைக் குடிக்கும், அருகிலுள்ள பனியும் உருகும். 1979இலிருந்து ஆர்க்டிக் பகுதி உலகச் சராசரியைப் போல ஏறத்தாழ நான்கு மடங்கு வேகத்தில் சூடாகியிருக்கிறது.

திரும்பவும் நம் கடல்

ஆர்க்டிக்கை விடுங்கள், குளச்சலுக்கு வருவோம். ஆனி, ஆடியில் மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று அடிக்கும்போது கரையோரம் அடிக்கடல் நீர் மேலே வரும். அதில் சத்து இருக்கும், அந்தச் சத்தில் கண்ணுக்குத் தெரியாத தாவர மிதவை உயிரிகள் பெருகும். அவற்றை நம்பிச் சாளையும் நெத்திலியும் வரும். இந்த உயிரிகள் வளர்வதற்குக் கரியமில வாயுவை இழுத்துக்கொள்வதால் இதுவும் ஒரு தடைதான், பூமி அளவிலானது. மேல்நீர் சூடாகிவிட்டால் அடுக்குகள் இறுகும், கீழேயுள்ள சத்து ஏறாது, உயிரிகள் குறையும், இழுக்கப்படும் கரியமில வாயுவும் குறையும். மேற்கு இந்தியப் பெருங்கடலில் ஆறு பத்தாண்டுகளில் இந்த உயிரிகள் 20 சதவீதம் வரை குறைந்திருப்பதாக 2016இல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. சாளை வரத்து ஏறி இறங்குவதற்கு இது மட்டும் காரணமில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

கவனித்துப் பார்த்தால் இரண்டு இடத்திலும் வேலை செய்வது ஒரே இறுக்கம். அடிநீரை மேலே வரவிடாத அடுக்கு ஒரு பக்கம் புயலின் தடையைத் தளர்த்துகிறது, இன்னொரு பக்கம் பூமிச் சூட்டின் ஒரு தடையைத் தளர்த்துகிறது. ஒன்று நன்னீரால் வந்தது, மற்றது சூட்டால் வந்தது. சூடு கூடினால் இரண்டும் சேர்ந்துகொள்ளும்.

எத்தனை மணி நேரம்

கடைசியாக, இந்தச் சுழற்சி வள்ளக்காரனுக்கு எவ்வளவு நேரம் கொடுத்தது என்ற கணக்கு. கரையிலிருந்து 200 கடல்மைல் தள்ளி இருக்கும் படகு, மணிக்கு 8 கடல்மைல் வேகத்தில் முழுமூச்சாக வந்தாலும் கரை சேர 25 மணி நேரம் ஆகும். தாழ்வு மண்டலம் புயலாக எடுத்துக்கொண்டதோ 24 மணி நேரம். புயல் என்று அறிவித்த பிறகு கிளம்பினால் அது கரைக்கு வருகிற வழியிலேயே எதிர்ப்படும். அதுவும் அறிவிப்பு காதில் விழுந்திருந்தால்! பெரும்பாலான படகுகளில் இருந்த சாதாரண வயர்லெஸ் கரையிலிருந்து சில பத்துக் கடல்மைலுக்கு அப்பால் எட்டாது.

அதன் பிறகு சில வேலைகள் நடந்தன. 2019இல் இந்தியாவின் ககன் செயற்கைக்கோள் அமைப்பு வழியாக ஆழ்கடலில் எச்சரிக்கை பெறும் ஜெமினி கருவி வந்தது. அதில் கேட்க முடியும், பதில் சொல்ல முடியாது. 2024இல் ஒரு லட்சம் மீன்பிடிப் படகுகளில் இருவழித் தொடர்புக் கருவி பொருத்தும் திட்டத்தை மத்திய அரசு தொடங்கியது. கேட்பதும் சொல்வதும் இதனால் சரியாகலாம். ஆனால் நேரம் கூடாது. திடீர் வலுப்பெறுதலை முன்கூட்டிச் சொல்வதுதான் இன்றும் புயல் கணிப்பில் கடினமான பகுதி. அதனால் ஆழ்கடல் படகுகளுக்கு உபயோகமான எச்சரிக்கை தாழ்வு மண்டலக் கட்டத்திலேயே, சில சமயம் அதற்கும் முன்பே போயாக வேண்டும். அந்தக் கட்டத்தில் இருப்பவற்றில் பல புயலாக மாறாது. அப்படி மாறாத ஒவ்வொரு தடவையும் பாதித் தங்கலில் திரும்பிய படகுக்கு டீசல், ஐஸ், சாப்பாட்டுச் செலவு, ஆள்கூலி எல்லாம் நஷ்டம். இரண்டு மூன்று தடவை வீணாகத் திரும்பியவர் நாலாவது தடவை திரும்ப மாட்டார், அவரைக் குறை சொல்லவும் முடியாது. அந்த நஷ்டத்தை யார் ஏற்பது என்று முதலில் முடிவு செய்தாக வேண்டும். எச்சரிக்கைக் கருவிக்கு ஒதுக்குகிற பணத்தில் ஒரு பகுதியை வீண் எச்சரிக்கைக்கு ஈடாகத் தருவது, என் கணக்கில், கருவியைவிட அதிகம் பேரைக் கரைக்குக் கொண்டுவரும்.